வரைபடம் இல்லாத வயிறு

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது ஹாஸ்டல் மெஸ், கல்ச்சுரல்ஸ், கேம்பஸ் இன்டர்வியூ என்று வழக்கமான சங்கதிகளைத்தான் நானும் யோசித்தேன். அவற்றை என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் நம் செட்டிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். ஆகவே நான் வேறொன்றை எடுத்துக்கொள்கிறேன். ஐந்து மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு துளையின் வரலாறு. மனிதனின் வயிற்றில், உணவு செலுத்துவதற்காகப் போடுகிற துளை. மெக்கானிக்கல் படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

முதலாமாண்டு டிராயிங் ஹாலை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மினி டிராஃப்டரைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடி ஏறியதும், ஷீட்டில் வியர்வை சொட்டி 'ரீ-டூ' வாங்கியதும் ஒரு காலம். எங்கள் டிராயிங் சார் அடிக்கடி ஒன்று சொல்வார்: "டிசைன் டிராயிங்கை யார் வேணாலும் போடலாம்டா. கட்டி முடிச்சப்புறம் உண்மையிலே என்ன கட்டியிருக்கோம்னு வரைஞ்சு வைக்கிறான் பாரு, அவன்தான் இன்ஜினியர்." அதற்கு 'ஆஸ் பில்ட் டிராயிங்' என்று பெயர். வேலைக்குப் போய், ஒரு பழைய ஆலையில் பைப்லைன் மாற்றப் போனபோதுதான் அவர் சொன்னது உறைத்தது. காகிதத்தில் ஒரு வால்வு இருந்தது. தரையைத் தோண்டினால் அங்கே வால்வும் இல்லை, பைப்பும் இல்லை. யாரோ, எப்போதோ, நல்ல காரணத்துக்காகத்தான் மாற்றியிருக்கிறார்கள். எழுதித்தான் வைக்கவில்லை.

2019 ஆகஸ்டில் என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, கால், பேச்சு எல்லாம் போயிற்று. அவற்றைவிடப் பெரிய தொல்லை, விழுங்குவது நின்றுபோனது. ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்தால் நுரையீரலுக்குப் போகும். மூக்கில் ரைல்ஸ் டியூப் போட்டார்கள். அப்பா இடது கையால் அதைப் பிடுங்குவார், மறுபடி போடுவார்கள், மறுபடி பிடுங்குவார். கடைசியில் இடது கையைக் கட்டிலோடு பேண்டேஜ் துணியால் கட்டி வைத்தார்கள். அந்த நர்ஸிங் ஹோமில் ஐந்து வாரம் அப்படியே ஓடியது. "மூக்கு டியூபே போதும், வேறெதுவும் தேவையில்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதற்குள் ஒரு முறை நிமோனியாவும் வந்துவிட்டது.

வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றினோம். அங்கே வயிறு வழியாக டியூப் போடலாம், அரை மணி நேர வேலை, மயக்க மருந்துகூடப் பெரிதாகத் தேவையில்லை என்றார்கள். எண்டோஸ்கோபி அறைக்குள் கொண்டுபோனார்கள். இருபது நிமிஷத்தில் டாக்டர் வெளியே வந்தார். கையில் க்ளவ்ஸ்கூடக் கழற்றவில்லை.

"தம்பி, அப்பாவுக்கு முன்னாடி வயித்துல ஆபரேஷன் ஆயிருக்கா? நடுவயித்துல தழும்பு இருக்கே, என்ன ஆபரேஷன்?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சொன்னார்: "கல்யாணத்துக்கு முன்னாடியே நடந்ததுங்க டாக்டர். எழுபத்தொன்பதுல. அல்சர் ஆபரேஷன்னு மட்டும் சொல்லுவாங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியாதுங்க."

சின்ன வயதில் அப்பா குளித்துவிட்டு வரும்போது அந்தத் தழும்பை நூறு முறை பார்த்திருக்கிறேன். உள்ளே எதை எடுத்தார்கள், எதை எதோடு சேர்த்தார்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேஸ் ஷீட் எப்போதோ போய்விட்டது. அப்பாவால் பேச முடியாது. டிராயிங் சார் சொன்ன அதே சிக்கல், இந்தத் தடவை எங்கள் வீட்டிலேயே!

அந்த ஒரு மாதத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து நான் படித்ததும், பிறகு ஆர்வத்தால் தொடர்ந்து தேடியதும்தான் கீழே வருகிற வரலாறு.

வயிற்றில் துளை போட்டால் மனிதன் பிழைப்பானா என்ற கேள்விக்கு முதல் பதில் ஒரு விபத்தால் கிடைத்தது. 1822 ஜூன் 6. அமெரிக்காவில் மேக்கினாக் தீவு, தோல் வியாபாரக் கம்பெனியின் கடை. அலெக்ஸிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கனடா நாட்டு இளைஞர் மேல் பக்கத்தில் நின்றவரின் துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. விலா உடைந்து, இரைப்பை கிழிந்து, சாப்பிட்டது வெளியே வந்தது. ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட் ஓடி வந்து பார்த்து, பிழைக்க மாட்டான் என்றே நினைத்தார். பிழைத்துவிட்டார். ஆனால் துளை மூடவில்லை. இரைப்பையின் ஓரம் வயிற்றுச் சுவரோடு ஒட்டி ஆறி, ஒரு நிரந்தர ஜன்னலாகிவிட்டது. போமான்ட் அந்த ஜன்னல் வழியே பட்டு நூலில் மாமிசம், ரொட்டி, முட்டைக்கோஸ் எல்லாம் கட்டி உள்ளே விட்டு, எவ்வளவு நேரத்தில் கரைகிறது என்று வெளியே இழுத்து இழுத்துப் பார்த்தார். 1833-இல் புத்தகமாகவும் போட்டார். ஜீரணம் பற்றி உலகம் தெரிந்துகொண்டதில் பெரும்பங்கு இந்த ஒரு வயிற்றிலிருந்து வந்தது. செயின்ட் மார்ட்டினுக்கு இதில் எவ்வளவு சம்மதம் என்பது வேறு கதை. அவர் இரண்டு மூன்று முறை ஊருக்கு ஓடிப்போயிருக்கிறார். அடிபட்டு 58 ஆண்டு கழித்து, 1880-இல் இறந்தார். டாக்டர்கள் உடலை அறுத்துப் பார்க்கக் காத்திருந்தது தெரிந்து, குடும்பத்தார் உடல் நன்றாக அழுகும்வரை வைத்திருந்துதான் புதைத்தார்களாம். அவர்கள் கோபத்தில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

இதில் நமக்கு வேண்டிய விஷயம் ஒன்று. துளை ஆபத்தில்லை, கசிவுதான் ஆபத்து. இரைப்பைக்கும் வயிற்றுச் சுவருக்கும் இடையே இடைவெளி இருந்தால் உள்ளிருப்பது வயிற்றறைக்குள் கொட்டி ஆளைக் கொன்றுவிடும். இரண்டும் ஒட்டிக்கொண்டால் பிழைக்கலாம். 'கேஸ்கெட்' சரியாக உட்கார்ந்தால் ஃபிளாஞ்ச் ஒழுகாது என்பது போலத்தான்.

நார்வேயின் ராணுவ மருத்துவர் எகபெர்க் 1837-இல், உணவுக்குழாய் அடைத்தவர்களுக்கு வேண்டுமென்றே இப்படி ஒரு துளை போட்டால் என்ன என்று யோசனை சொன்னார். 1849-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் செடியோ செய்து பார்த்தார், நோயாளி இறந்தார். மறுபடி செய்தார், அவரும் இறந்தார். கிருமி என்ற ஒன்றே தெரியாத காலம். லிஸ்டரின் கிருமிநாசினி முறை வந்த பிறகுதான் காற்று மாறியது. 1876-இல் பாரிஸில் வெர்நேய், காரத்தைக் குடித்துத் தொண்டைக்குக் கீழே அடைத்துப்போன 17 வயதுப் பையனுக்குச் செய்தார். பையன் பிழைத்தான். 1890-களில் விட்செல், ஸ்டாம் என்ற இருவர் ஆளுக்கொரு தையல் முறை சொன்னார்கள். ஸ்டாம் முறையில் டியூபைச் சுற்றி சுருக்குப்பை வாய் மாதிரி தையல் போட்டு இழுப்பார்கள். இன்றும் சர்ஜன்கள் அதைச் செய்கிறார்கள். ஆனால் வயிற்றைத் திறக்க வேண்டும், மயக்க மருந்து வேண்டும். டியூப் தேவைப்படுகிறவரோ பெரும்பாலும் அதைத் தாங்குகிற நிலையில் இருப்பதில்லை.

இதே காலத்தில் வேறொரு ஆபரேஷனும் வளர்ந்துகொண்டிருந்தது. அந்த இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கிற இடம்தான் என் கட்டுரை. 1881 ஜனவரி 29-ஆம் தேதி வியன்னாவில் தியோடர் பில்ரோத், புற்றுநோய் வந்த இரைப்பையின் கீழ்ப்பகுதியை வெட்டியெடுத்து மிச்சத்தை முன்சிறுகுடலோடு தைத்தார். அவருக்கு முன் செய்த இருவரின் நோயாளிகள் பிழைக்கவில்லை. இந்தப் பெண்மணி தேறி வீடு திரும்பினார்; நோய் மறுபடி வந்து சுமார் நான்கு மாதத்தில் இறந்தார் என்றாலும், இரைப்பையை வெட்டலாம் என்பது நிரூபணமாயிற்று. 1885-இல் அவரே இன்னொரு விதமாகச் செய்தார். மிச்ச இரைப்பையைக் கீழே தள்ளியிருக்கும் சிறுகுடலின் பக்கவாட்டில் இணைத்தார். பில்ரோத்-1, பில்ரோத்-2 என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். பம்ப் மாடல் நம்பர் மாதிரி இருக்கிறதல்லவா!

புற்றுநோய்க்கென்று வந்த இந்த ஆபரேஷன் அடுத்த நூறு வருஷம் அதிகமாகப் பயன்பட்டது அல்சருக்குத்தான். அமிலத்தைக் குறைக்க நல்ல மருந்து இல்லாத காலம். அமிலம் சுரக்கிற இரைப்பையையே பாதிக்கு மேல் வெட்டினார்கள். 1943-இல் சிகாகோவில் டிராக்ஸ்டெட், அமிலம் சுரக்கச் சொல்லும் நரம்பை வெட்டினால் போதும் என்றார். நரம்பை வெட்டினால் இரைப்பை காலியாவது மந்தமாகும். அதற்காகச் சிறுகுடலோடு ஒரு பைபாஸ் இணைப்பு.

இங்கே நம் ஊர் வருகிறது. தென்னிந்தியாவில் முன்சிறுகுடல் அல்சர் அந்தக் காலத்தில் மிக அதிகம். கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரில் லண்டன் மிஷன் ஆஸ்பத்திரி. அப்போது அது திருவிதாங்கூர். அங்கே 1923 முதல் பணியாற்றிய டாக்டர் ஹோவர்டு சாமர்வெல்லைப் பலர் எவரெஸ்ட் ஏறிய ஆளாக மட்டும் அறிந்திருப்பீர்கள். 1922 பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூரில் நோயாளிகள் வரிசையைப் பார்த்துவிட்டு லண்டன் வேலையை வேண்டாம் என்றவர். 1924-இல் மறுபடி எவரெஸ்டுக்குப் போனார். நார்ட்டனோடு ஏறி, ஏறத்தாழ 28,000 அடியில் தொண்டை ஒத்துழைக்காமல் நின்றுவிட்டார். இறங்கும்போது, குளிரில் கருகிய தொண்டையின் உள்தோல் பிய்ந்து மூச்சுக்குழாயை அடைத்தது. மூச்சும் இல்லை, கூப்பிடக் குரலும் இல்லை. பனியில் உட்கார்ந்து சாவுக்குத் தயாராகி, கடைசியாக இரண்டு கையாலும் நெஞ்சை அமுக்கினார். அடைப்பு வெளியே வந்து விழுந்தது. அப்படிப் பிழைத்து வந்த கைகள்தான் நெய்யூரில் அல்சர் ஆபரேஷன்களை அடுத்தடுத்துச் செய்தன. இரைப்பை அறுவை பற்றி ஒரு நூலும் எழுதினார். 1949 முதல் 1961 வரை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பாடம் சொன்னார். அவரைப் போன்றவர்களும் அவர்களிடம் கற்றவர்களும் பரப்பிய அறுவை, எழுபதுகளில் மாவட்டத் தலைநகர் ஆஸ்பத்திரிகளில் அன்றாட வேலை. அப்பாவுக்கு வயது 26-இல் நடந்ததும் அப்படி ஒன்றுதான்.

பிறகு அந்த ஆபரேஷன் கிட்டத்தட்ட மறைந்தே போனது. 1976-இல் சிமெட்டிடின் மாத்திரை வந்தது. 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வாரனும் மார்ஷலும் அல்சருக்குப் பின்னால் ஒரு பாக்டீரியா இருப்பதைக் கண்டார்கள். மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்துக் காட்டினார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு. கத்தி தேவைப்பட்ட நோய் இரண்டு வார மாத்திரைக் கோர்ஸாகிவிட்டது. ஆனால் ஏற்கனவே வெட்டப்பட்ட வயிறுகள் அப்படியே இருந்தன. அந்தத் தலைமுறை வயதாகி, பக்கவாதமும் தொண்டைப் புற்றும் வந்து, விழுங்க முடியாமல் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அந்த அறுவையைக் கையால் செய்த சர்ஜன்களே ரிட்டயராகியிருந்தார்கள்.

இனி டியூபுக்கு வருவோம். 1979-ஐக் கொஞ்சம் கவனியுங்கள். அப்பா வயிற்றைத் திறந்த அதே வருஷம் ஜூன் 12-ஆம் தேதி, அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மைக்கேல் கௌடரர் என்ற குழந்தை அறுவை மருத்துவரும், எண்டோஸ்கோபி செய்கிற ஜெஃப்ரி பான்ஸ்கியும் நாலரை மாதக் குழந்தை ஒன்றுக்கு வயிற்றைத் திறக்காமலே டியூப் வைத்தார்கள். சூட்சுமம் எளிது. விளக்கு அணைத்த அறையில் எண்டோஸ்கோப் இரைப்பைக்குள் போனால் அதன் முனை வெளிச்சம் வயிற்றுத் தோலில் சிவப்பாகத் தெரியும். எங்கே தெரிகிறதோ அங்கே இரைப்பைக்கும் தோலுக்கும் நடுவில் வேறெதுவும் இல்லை என்று அர்த்தம். அந்த இடத்தில் ஊசி குத்தி, நூல் விட்டு, வாய் வழியாக டியூபை இழுத்து வெளியே கொண்டுவந்தார்கள். 1980-இல் கட்டுரை வந்தது. சீக்கிரமே உலகம் முழுக்க இதுதான் முறை. நம் ஊரில் 'பெக் டியூப்' என்பார்கள்.

எனக்கு இதில் பிடித்தது, வெளிச்சத்தையே அளவுகோலாக்கியது. ஆனால் அந்த அளவுகோல் ஒரு நிபந்தனையோடு வருகிறது. இரைப்பை இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும்.

வெட்டிய இரைப்பை அங்கே இருப்பதில்லை. முழு இரைப்பை ஃபுட்பால் பிளாடர் மாதிரி. காற்றடித்தால் உப்பி முன்னால் வந்து வயிற்றுச் சுவரில் சாய்ந்துகொள்ளும், பெருங்குடலைக் கீழே தள்ளும். ஊசிக்கு அருமையான இலக்கு. வெட்டியபின் மிச்சமிருப்பது சின்னப் பை. அது இடது விலா எலும்புகளுக்கு அடியில் மேலே போய் ஒளிந்திருக்கும். அதன் வாயிலில் இருந்த வால்வுத் தசை போய்விட்டதால் அடிக்கிற காற்று நேரே சிறுகுடலுக்கு ஓடும். பஞ்சரான டியூபுக்குக் காற்றடித்த அனுபவம் நமக்கெல்லாம் உண்டு! போதாததற்கு முன்னால் கல்லீரலின் இடது மடல் நிற்கும். பெருங்குடல் காலியான இடத்தில் ஏறி வந்து உட்கார்ந்திருக்கும். பழைய தையலின் ஒட்டல்கள் எதையும் நகரவிடாது. அந்த எண்டோஸ்கோபி டாக்டர் அப்பாவின் வயிற்றில் தேடிய வெளிச்சம் தெரியவே இல்லை. தெரியாத இடத்தில் குத்தினால் ஊசி பெருங்குடலைத் துளைத்துக்கொண்டு போகலாம். அது வாரக்கணக்கில் கழித்துத்தான் தெரியவரும். அவர் குத்தாமல் வெளியே வந்ததற்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

வெளிச்சம் ஊடுருவாத இடத்தில் எக்ஸ்-ரே ஊடுருவும். 1895 நவம்பரில் ரான்ட்ஜன் கண்டுபிடித்த அடுத்த ஆண்டே ஹார்வர்டு மாணவர் வால்டர் கேனன், வாத்தையும் நாயையும் விழுங்க வைத்து எக்ஸ்-ரேயில் பார்த்தார். பிஸ்மத் கலந்த உணவு கொடுத்து இரைப்பை அசைவதையே படிப்படியாக வரைந்தார். அப்போது படிக்கிற மாணவர்தான் என்பதை நம் ஜூனியர்கள் கவனிக்கவும். ஆனால் ஃபுளோரோஸ்கோப் திரையின் வெளிச்சம் மிக மங்கல். டாக்டர்கள் சிவப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கண்ணை இருட்டுக்குப் பழக்கிவிட்டு, கும்மிருட்டில் வேலை செய்தார்கள். அந்த இருட்டில் ஊசி பிடித்து என்ன செய்வது? 1948-இல் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியின் ஜான் கோல்ட்மன் எக்ஸ்-ரே பிம்பத்தை மின்னணுக் குழாயால் பல மடங்கு பிரகாசமாக்கிக் காட்டினார். அதன் வழி வந்த கருவிகளால் படம் பார்த்துக்கொண்டே கை வேலை செய்வது சாத்தியமாயிற்று. மருத்துவ வரலாற்றுக்காரர்கள் இந்த மனிதரை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். நம்மவர் என்பதால் நான் இரண்டு வரி சேர்த்துக்கொடுக்கிறேன்.

1953-இல் ஸ்டாக்ஹோமில் ஸ்வென் செல்டிங்கர் சொன்னது இன்னும் எளிது. ஊசி உள்ளே, ஊசி வழியாகக் கம்பி, ஊசி வெளியே, கம்பி மேலேயே டியூப் உள்ளே. ரத்தக்குழாய்க்காக வந்த யோசனை. ஊசியைவிடப் பெரிய டியூபை அதே துளையில் நுழைக்கலாம். 1981-இல் கனடாவின் கால்கரியில் பிரஷா, மூக்கு வழியே இரைப்பையில் காற்றடித்து, எக்ஸ்-ரே திரையைப் பார்த்துக்கொண்டே தோல் வழியாக ஊசி குத்தி டியூப் வைத்தார். எண்டோஸ்கோப்பே தேவையில்லை. 1983-இல் டொரண்டோவிலிருந்து ஹோவும், அமெரிக்காவிலிருந்து வேறு சிலரும் இதே வழியில் செய்ததை எழுதினார்கள்.

ஒரு தொல்லை மிச்சம். துளையைப் பெரிதாக்கும் கருவியைத் தள்ளும்போது இரைப்பைச் சுவர் பின்னால் நழுவிப்போகும். கேஸ்கெட் உட்காராத கதைதான். 1986-இல் பாஸ்டனில் ஒரு குழுவும், தனியாக கான்ஸ்டன்டின் கோப் என்பவரும் இதற்கு ஒரே மாதிரி விடை கண்டார்கள். ஜவுளிக்கடையில் துணியில் விலைச்சீட்டு மாட்டுகிற 'டி' வடிவ பிளாஸ்டிக் இழையைப் பார்த்திருப்பீர்கள். அதே தத்துவம். நூல் கட்டிய சின்ன உலோகக் குச்சியை ஊசிக்குள் நீளவாக்கில் வைத்து இரைப்பைக்குள் தள்ளினால், உள்ளே போய்க் குறுக்காகத் திரும்பிக்கொள்ளும். நூலை வெளியே இழுத்துக் கட்டினால் இரைப்பை வயிற்றுச் சுவரோடு ஒட்டி நிற்கும். செயின்ட் மார்ட்டினுக்கு விபத்தில் அமைந்ததை வேண்டுமென்றே செய்துகொள்வது.

இவ்வளவும் கையில் வந்த பிறகும், 'ஏற்கனவே இரைப்பை ஆபரேஷன் ஆனவர்' என்றால் தயங்கினார்கள். 1987-இல் நியூயார்க்கில் ஷைக் என்பவர், இரைப்பை வெட்டப்பட்ட புற்றுநோயாளிகளுக்கு எண்டோஸ்கோப் உதவியோடு நேரே சிறுகுடலிலேயே டியூப் வைத்தார். அதே ஆண்டு டொரண்டோ குழு எக்ஸ்-ரேயைக் கொண்டு சிறுகுடலில் வைத்தது. இரைப்பையே மிச்சமில்லாதவர்களுக்கு அதுதான் வழி. 1992-இல் இரைப்பை அறுவை ஆனவர்களை மட்டும் தனியே எடுத்து, அவர்களுக்கும் படம் பார்த்துத் தோல் வழியாக டியூப் வைக்கலாம் என்று அமெரிக்காவிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. ஓடிப்போகிற காற்றுக்கும் வழிகள் கண்டார்கள். குடல் அசைவை நிறுத்த ஊசி மருந்து போட்டுவிட்டு, குத்துகிற கணம்வரை விடாமல் காற்றடிப்பது ஒன்று. மிச்ச இரைப்பைக்குள் ஒரு பலூனை விட்டு ஊதி, அந்தப் பலூனையே இலக்காக வைத்துக் குத்துவது இன்னொன்று. ஊசி பலூனை உடைத்தால் சரியான இடத்தில் இருக்கிறோம் என்று பொருள். இதைப் படித்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே சிரித்துவிட்டேன். ஒர்க்‌ஷாப்பில் யாரோ ஃபிட்டர் யோசித்த மாதிரி இருக்கிறது.

ஆனால் சாதாரண எக்ஸ்-ரே எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக் காட்டும். முன்னால் இருப்பது எது, பின்னால் இருப்பது எது என்று தெரியாது. நம் பாஷையில் சொன்னால் அது எலிவேஷன் மட்டும், செக்‌ஷன் இல்லை. செக்‌ஷன் வெட்டிக் காட்டியவர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற ஆங்கிலேய மின்பொறியாளர். கல்லூரிப் பட்டம் வாங்காதவர். அவருடைய சி.டி. ஸ்கேனர் 1971 அக்டோபர் 1-ஆம் தேதி லண்டனில் முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தது. நோபல் பரிசு கிடைத்தது எப்போது தெரியுமா? மறுபடியும் 1979! அவர் பெயரால் ஒரு அளவீடு இருக்கிறது. தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000. கல்லீரல், கொழுப்பு, காற்று நிறைந்த குடல் எல்லாம் தனித்தனி எண்ணாகப் பிரிந்து நிற்கும். எதற்குப் பின்னால் எது, எத்தனை மில்லிமீட்டர் ஆழத்தில் என்பது திரையில் வந்துவிடும். 1992-லேயே சி.டி. வழிகாட்டுதலோடு டியூப் வைத்ததையும் எழுதிவிட்டார்கள்.

அப்பாவுக்கு அதைத்தான் செய்தார்கள், 2019 நவம்பரில். எண்டோஸ்கோபி டாக்டரே ரேடியாலஜி துறைக்கு எழுதிக் கொடுத்தார். செய்தவர் என் வயதிருக்கும் ஒரு பெண் டாக்டர். முதலில் வெறும் ஸ்கேன் எடுத்துவிட்டு என்னை மானிட்டர் பக்கம் கூப்பிட்டார்.

"பாருங்க சார், வயித்துல முக்கால்வாசி எடுத்திருக்காங்க. மிச்சம் இதோ, விலாவுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கு. இது லிவர். இது பெருங்குடல். நடுவுல இந்தச் சந்து இருக்குல்ல, அதுதான் நம்ம வழி."

சந்து இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை. ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது அதை மட்டுமல்ல. நாற்பது வருஷமாக யாரிடமும் இல்லாத ஆஸ் பில்ட் டிராயிங். பில்ரோத்-2 தான் செய்திருக்கிறார்கள். பெயர் தெரியாத அந்த சர்ஜன் போட்ட இணைப்பு அவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று டாக்டரும் சொன்னார். எனக்கு ஏனோ கண் கலங்கிவிட்டது.

போடுவதற்கு முன் ஒன்று நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். டியூப் போட முடியும் என்பது வேறு, போட வேண்டும் என்பது வேறு. முற்றிய மறதி நோய்க்காரர்களுக்கு வயிற்று டியூபால் ஆயுள் கூடுவதில்லை என்றே இப்போது மருத்துவர்கள் சொல்கிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்குக் கையால் ஊட்டுவதே நல்லது என்கிறார்கள். அப்பாவுக்குப் பேச்சுதான் போயிருந்தது, புத்தி தெளிவாக இருந்தது. அந்த டாக்டர் அப்பாவின் கட்டிலருகே குனிந்து, "மூக்கு டியூபை எடுத்துடலாம், வயித்துல சின்னதா ஒண்ணு போடலாம், சம்மதமா ஐயா?" என்று கேட்டார். மூன்று மாதத்தில் அப்பாவிடம் யாரும் எதையும் கேட்கவில்லை, நான் உட்பட. அப்பா தலையசைத்தார். பிறகு கட்டியிருந்த இடது கையைக் கண்ணால் காட்டினார். டாக்டர் அங்கேயே அந்தத் துணியை அவிழ்த்துவிட்டார்.

நாற்பது நிமிஷம் ஆயிற்று. மூக்கு டியூப் வழியே காற்று, அசைவை நிறுத்த ஊசி, விலாவின் கீழ் விளிம்பிலிருந்து சாய்வாக மேல்நோக்கி மெல்லிய ஊசி, நடுநடுவே ஸ்கேன், 'டி' ஆங்கர் இரண்டு, கம்பி, கடைசியில் 14 பிரெஞ்ச் டியூப். பிரெஞ்ச் என்பது பாரிஸில் அறுவைக் கருவி செய்த ஷாரியே என்ற கைவினைஞர் வைத்த அளவு. மூன்று பிரெஞ்ச் ஒரு மில்லிமீட்டர். பதினாலு என்றால் சுமார் 4.7 மில்லிமீட்டர். மறுநாள் அதில் முதலில் தண்ணீர், அப்புறம் கஞ்சி. மிச்ச வயிறு சின்னது என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட வேண்டும். அம்மா கஞ்சியை மிக்ஸியில் அடித்து, மெல்லிய துணியில் வடிகட்டி, சிரிஞ்சில் எடுத்துச் செலுத்தக் கற்றுக்கொண்டார்.

டிஸ்சார்ஜ் அன்று நான் ஒரு ஏ-4 தாளில் ஸ்கேன் படத்தைப் பார்த்து வரைந்தேன். மிச்ச இரைப்பை, இணைப்பு, கல்லீரல் ஓரம், பெருங்குடல், டியூப் போகிற கோணம், தோலிலிருந்து ஆழம். டைட்டில் பிளாக்கும் போட்டேன். 'வரைந்தவர்' என்ற இடத்தில் என் பெயர். 'சரிபார்த்தவர்' என்ற கட்டத்தைக் காட்டி அந்த டாக்டரிடம் கையெழுத்துக் கேட்டேன். சிரித்துக்கொண்டே வாங்கிப் பார்த்தார்.

எட்டு மாதம் கழித்து, 2020 ஜூலையில், கொரோனா ஊரடங்கு நேரத்தில் ஒரு ராத்திரி டியூப் கழன்று விழுந்துவிட்டது. ஆறிய துளையானாலும் சில மணி நேரத்தில் சுருங்கிவிடும். பக்கத்து ஆஸ்பத்திரியில் இருந்த டியூட்டி டாக்டர் இளைஞர். அப்பாவை முன்பின் பார்த்ததில்லை. அந்தத் தாளை நீட்டினேன். இரண்டு நிமிஷம் படித்தார். துளை மூடாமலிருக்க ஒரு ஃபோலி டியூபை மட்டும் அதே கோணத்தில் மெதுவாக வைத்து, "இதுல எதுவும் குடுக்காதீங்க, காலைல அங்கேயே போய் எக்ஸ்-ரேல பாத்து மாத்திக்குங்க" என்று அனுப்பினார். காலையில் இருபது நிமிஷத்தில் புது டியூப் போட்டாயிற்று.

அப்பா 2022 ஜனவரிவரை இருந்தார். இடது கையால் பேப்பர் புரட்டுவார், பேத்தியோடு தாயம் ஆடுவார். தாள் இன்னும் ஃபைலில் இருக்கிறது. 'சரிபார்த்தவர்' கட்டத்தில் டாக்டரின் கையெழுத்தும், அதற்கு மேலே சிவப்பு மையில் அவர் அடித்துத் திருத்திய ஒரு கோடும் இருக்கின்றன. பெருங்குடலை நான் ஒரு சென்டிமீட்டர் கீழே வரைந்துவிட்டேனாம்.